வெண்சோறும் வீங்கிய வயிறும்

முதலிடம்! இச்சொல் கேட்டு முகம் மலராதார் யார்? கல்வியில் முதலிடம் என்றால் களிக்கிறோம். கலையில் முதலிடம் என்றால் கைதட்டுகிறோம். நம் புதுவைக்கும் ஒரு முதலிடம் வாய்த்திருக்கிறது, தோழர்களே! ஆனால் கைதட்டுமுன் சற்றே பொறுங்கள்.

சென்னை ஆராய்ச்சியாளர் தலைமையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு, 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடைபெற்றது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆன 1,13,043 பேரை நிறுத்து, அளந்து, குருதி எடுத்துச் சோதித்தனர். 2023இல் முடிவு வெளிவந்தது. உடற்பருமன் மிகுந்த இடம் எது? புதுவை, நூற்றுக்கு 53.3 பேர். வயிறு பருத்தோர் மிகுந்த இடம் எது? அதுவும் புதுவையே, நூற்றுக்கு 61.2 பேர். நீரிழிவில் மட்டும் கோவா 26.4 என்று முந்திக்கொண்டது, நாம் 26.3 என்று மயிரிழையில் இரண்டாமிடம். பருமன் பட்டியலின் கடைசி இடம் சார்க்கண்டுக்கு, 11.6. அதனைச் சார்க்கண்டின் பெருமை என்று எவரும் கொள்ளவேண்டா. பசியால் மெலிந்தாரும் அந்தக் கணக்கிற்குள் இருக்கிறார்கள்.

கடலூர்ச் சாலையில், சுண்ணாம்பாற்றைக் கடந்தால் வரும் தவளக்குப்பத்தில் நான் ஆசிரியப் பணி ஏற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன். கணக்கில் வல்லவன், கட்டுரையில் நல்லவன், ஆனால் விளையாட்டு வேளை வந்தால் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கிவிடுவான். மற்ற பிள்ளைகள் அவனை அழைக்கும் பெயரை இங்கே எழுதக் கூசுகிறேன். “நீ புத்தகப் பைகளைப் பார்த்துக்கொள்” என்று ஒருநாள் நானே சொன்னேன். அன்பால் சொன்னதாகத்தான் அன்று நினைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லாமல் சொன்னேன் என்பது பின்னரே விளங்கிற்று.

அவன் தாயார் சொன்னார்: “எல்லாம் தலையெழுத்து சார். அவன் அப்பா உடம்பும் இப்படித்தான்.” ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார்: “வாயைக் கட்டத் தெரியாத பயல்!” ஒருவர் விதி என்றார், மற்றவர் குற்றம் என்றார். புதுவையில் நூற்றுக்கு ஐம்பத்து மூவரின் தலையில் ஒரே எழுத்தை எழுதியவன் எவன்? நூற்றுக்கு ஐம்பத்து மூவரும் ஒரே தலைமுறையில் பெருந்தீனிக்காரராக மாறியது எப்படி? இரண்டு விடையும் பகுத்தறிவுக்குப் பொருந்தவில்லை. ஆகவே வரலாற்றைக் கேட்போம்.

வரலாறு பசியிலிருந்து தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் தின்றது. மண்வெட்டியும் கூடையுமாய் நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று விதித்தார் ரிச்சர்டு டெம்பிள். ஒரு இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். கடும் உழைப்புக்கு அது போதாது, மக்கள் சாவர் என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுத்தால் போரிட்டார். மனிதனுக்கு எவ்வளவு சோறு தேவை என்னும் வழக்கு நம் மண்ணில் இப்படித்தான் எழுந்தது. எலும்புக் கூடுகளைச் சான்றாக நிறுத்தி எழுந்தது. புதுவைக்கு வடக்கே மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் அந்தப் பஞ்சத்து மக்களின் கைவேலை இருக்கிறது.

பஞ்சம் போயிற்று, நாக்கில் மட்டும் அது தங்கிவிட்டது. விடுமுறைக்கு ஊர் சென்றால் பாட்டி முதலில் என்ன சொல்கிறாள்? “இளைத்துப் போய்விட்டாயே!” என்கிறாள். அஃது இரக்கம். சற்றே சதை பிடித்தால், “உடம்பு பூசினாற்போல் இருக்கிறது” என்கிறாள். அஃது பாராட்டு. மெலிவு ஏழ்மையின் முத்திரையாகவும், தொந்தி செல்வத்தின் விளம்பரமாகவும் இருந்த காலத்தின் மொழி அது. காலம் மாறிற்று, மொழி மாறவில்லை.

மெலிவுக்கும் பருமனுக்கும் தரம் பிரித்ததுபோலவே சோற்றுக்கும் தரம் பிரித்தார்கள். கேழ்வரகும் கம்பும் வரகும் உழைப்பவன் கலயத்தில். நெல்லுச்சோறு உடையவன் இலையில். ஏழைக்கு நெல்லுச்சோறு திருநாள் அன்றைய கனவு. அரிசியிலும் இரண்டு சாதி! நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தி எடுத்த புழுங்கலரிசி உழைப்பாளிக்கு. அவிக்காத பச்சரிசி படையலுக்கும் சடங்குக்கும். புழுங்கல் தீட்டாம்! பச்சரிசி மடியாம்! இந்த மடியின் மதிப்பு என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம். உரலும் உலக்கையும் போய் ஆலை வந்தது. தவிடு முழுவதும் நீங்கி, முத்துப்போல் வெளுத்த அரிசி அங்காடிக்கு வந்தது. வெளுத்ததெல்லாம் உயர்ந்தது என்று எண்ணப் பழகிய நாட்டில் அதற்கு வரவேற்புக்குக் குறைவா?

அந்த வெண்மை உயிர் குடித்த கதை முதலில் வெளியானது நம் நாட்டில் அன்று, சாவகத்தில். டச்சுக்காரர் ஆண்ட பட்டேவியா நகரில் பெரிபெரி என்னும் நோய் படைவீரரையும் சிறைவாசிகளையும் வாட்டியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், நெஞ்சம் நின்றுவிடும். 1890களில் எய்க்மான் என்னும் மருத்துவர், தம் ஆய்வுக் கோழிகளும் அதே போலத் தள்ளாடுவதைக் கண்டார். மருத்துவமனையில் மிஞ்சிய வெண்சோற்றை அவை தின்று வந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படைவீரர் சோற்றைக் கோழிக்குப் போட முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் தேறி நடந்தன! கிருமியைத் தேடிய மருத்துவர்க்குத் தவிடு கிடைத்தது. அந்தத் தவிட்டில் இருந்தது பி1 என்று இன்று நாம் அழைக்கும் உயிர்ச்சத்து. 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரின் கண்டிப்புக்குப் பரிசு ஒன்றும் இல்லை.

அடுத்த காட்சி மலேயா. அங்கே சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டில், அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அண்டவில்லை. ஏன்? பிராடன் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். சீனர் தின்றது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் தின்றது புழுங்கலரிசி. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்பார் இருவகை அரிசியையும் இரு பிரிவினர்க்குக் கொடுத்து ஒப்பிட்டார். அங்கும் அதே முடிவு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு தங்குகிறது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புழுங்கலரிசி, கப்பலேறிப் போன நம் கூலித் தோழனின் உயிரைக் காத்து நின்றது. மடி அரிசியை மட்டும் தின்றிருந்தால் மலேயாவின் தோட்டங்களில் இன்னும் எத்தனை குழிகள் வெட்டியிருப்பார்களோ!

இனி நம் நீலமலைக்கு வருவோம். குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். அவர் இட்ட வித்துதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அவர் செய்த சோதனைகளுள் ஒன்றைப் பகுத்தறிவு இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரே வகையில் பிறந்த இளம் எலிகள். அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு: முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, கீரை, எப்போதேனும் இறைச்சி. இன்னொன்றுக்குப் பட்டாணியர் உணவு. மற்றொன்றுக்கு மராட்டியர் உணவு. பிறகு கூர்க்கர், கன்னடர், வங்காளியர் உணவு. கடைசிக் கூட்டத்துக்குச் ‘சென்னையர்’ உணவு: கழுவித் தீட்டிய அரிசிச் சோறு, சிறிது பருப்பு, புளி, தேங்காய், கொஞ்சம் காய்கறி, பால் குறைந்த காப்பி. வளர்ந்தபின் நிறுத்துப் பார்த்தார். சீக்கிய உணவு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். சென்னை உணவு தின்றது 155 கிராம், அனைத்திலும் கடைசி.

அக்கால ஆங்கிலேயரிடம் ‘வீர இனம்’, ‘கோழை இனம்’ என்றொரு பித்து இருந்தது. வடக்கே உயர்ந்தோர் வாழ்கின்றனர், தெற்கே குள்ளர் வாழ்கின்றனர். எல்லாம் குருதி என்றனர். நம் நாட்டு வைதிகமும் அதையே வேறு சொல்லால் சொன்னது. எல்லாம் பிறப்பு என்றது. குன்னூர் எலிகள் இருவருக்கும் ஒரே வேளையில் விடை கூறின. எலிகளுக்குச் சாதி ஏது? எலிகளில் சீக்கியன் யார், சென்னையன் யார்? பிறப்பு ஒன்று, கூடு ஒன்று, தட்டு மட்டுமே வேறு. தட்டு மாறியதும் உடல் மாறிற்று. மெக்காரிசனுக்கு இனப் பித்து முற்றும் தெளிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய தராசு அவரைக் காட்டிலும் நேர்மையானது.

தவளக்குப்பத்துச் சிறுவனின் தாயார்க்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை இந்தத் தராசில் இருக்கிறது. குடும்பவாகு என்பது பொய்யன்று. பருமனாகும் இயல்பில் ஒரு பங்கு மரபு வழி வருவதே. ஆனால் ஒரே குடும்பத்தில் மரபு மட்டுமா இறங்கி வருகிறது? அடுப்பும் இறங்கி வருகிறது; உலையும் இறங்கி வருகிறது.

“அன்று அந்த உணவு எலியைச் சிறுக்க வைத்தது, இன்று மனிதனைப் பெருக்க வைக்கிறதா? ஒன்றுக்கொன்று முரணன்றோ?” என்று கேட்கும் தோழர் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1920இல் சென்னை மாநகராட்சி, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1967இல் அண்ணா ஆட்சி சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் காலை உணவு. பசியை ஒழிக்க இந்த மண் செய்த வேள்வியற்ற வேள்வி இது! இலவச அரிசி மக்களைச் சோம்பேறியாக்கிற்று, பருமனாக்கிற்று என்று மாடியிலிருந்து பேசுவோர் பேச்சை நான் ஏற்பதில்லை. பசித்தவனுக்கு முதலில் சோறு. வயிறு நிறைந்தது, அது வெற்றி. தட்டு நிறையவில்லை, அது மிச்ச வேலை.

சோறு கூடிற்று. சோற்றோடு சேரவேண்டிய பருப்பும் கீரையும் காயும் மீனும் முட்டையும் அதே அளவில் கூடவில்லை. மாறாக, எண்ணெய் மலிந்தது, சர்க்கரை மலிந்தது, மைதா மலிந்தது. அன்று அரை வயிற்றுக்கு வெண்சோறு. இன்று முழு வயிற்றுக்கு வெண்சோறு. இரண்டு வேளையிலும் தட்டில் இல்லாதது ஒன்றே. உழைப்போ எதிர்த்திசையில் சென்றது. ஏரும் ஏற்றமும் போயின. மிதிவண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. ஏற்றம் இறைத்த தந்தை உண்ட சோற்றையே, எட்டு மணி நேரம் நாற்காலியில் அமரும் மகனும் உண்கிறான். தந்தைக்கு அது விறகு. மகனுக்கு அது சுமை. புதுவைக்கே உரிய இன்னொரு புட்டியும் உண்டு. தெருவுக்குத் தெரு கடை வைத்திருக்கிறோமே, அது! மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி. மது ஒரு கிராமுக்கு 7 கலோரி. பட்டியலில் முதலிடம் எப்படி வந்தது என்று வியப்போர் இதையும் கூட்டிக்கொள்க.

வெளிநாட்டு உணவுதான் நம்மைக் கெடுத்தது என்பாரும் உளர். அந்தப் புலம்பலில் எனக்கு நம்பிக்கை குறைவு. எங்கள் ஊருக்கு அண்மையில் அரிக்கமேடு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமானியர் திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் நிரப்பிக் கொணர்ந்த சாடிகளின் ஓடுகள் அங்கே கிடைத்தன. அயல் உணவு இந்தக் கரைக்கு நேற்று வந்ததன்று.

பஞ்சம் இன்னொரு வழியிலும் நம்மைத் தொடரலாம். 1944–45 குளிர்காலத்தில் ஆலந்து நாட்டில் கடும் பஞ்சம். அப்போது தாய் வயிற்றில் இருந்த ஆண்மக்கள் பத்தொன்பது வயதில் படைச் சோதனைக்கு வந்தபோது பதிவான அளவுகளைப் பின்னர் ஆராய்ந்தனர். கருவின் முற்பகுதியில் பட்டினியைக் கண்டவரிடையே பருமன் மிகுந்திருந்தது. பசி கண்ட உடல் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது போலும். நம் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் கொழுப்புக் குறையாமல் பிறக்கின்றன என்று புனே மருத்துவர் யாஜ்னிக் காட்டினார். 2004இல் அவரும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் தம் உடல்களையே அளந்து வெளியிட்டனர். உயரத்துக்கு எடை என்னும் குறியீட்டெண் இருவர்க்கும் ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயர்க்கு 9.1 விழுக்காடு, நம்மவர்க்கு 21.2! பார்வைக்கு ஒல்லி; உள்ளே கொழுப்பு.

ஆகவேதான் நமக்கு அளவுகோல் கடுமையாக வைக்கப்பட்டிருக்கிறது. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது அக்குறியீட்டெண். 23ஐத் தாண்டினால் மிகை எடை; 25ஐத் தாண்டினால் பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவர்க்கு 59 கிலோவில் எச்சரிக்கை. 64 கிலோவில் மணியோசை. வயிற்றின் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. கடக்கலாகாது. இவை வளர்ந்தோர்க்கு, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனிக் கணக்கு உண்டு. ஆசிரியர்கள் இதை மறந்து பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டா.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், புதுவைப் பெண்களில் நூற்றுக்கு 46 பேர் மிகை எடை அல்லது பருமன்; நாட்டின் சராசரி 24. அதே கணக்கெடுப்பு இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர் என்கிறது. பருமனும் சோகையும் ஒரே உடலில் குடியிருக்க முடியுமா? முடியும். யார் கடைசியில் உண்கிறாள் என்று பாருங்கள். மீன் துண்டு கணவனுக்கு, முட்டை மகனுக்கு, எஞ்சிய சோறும் குழம்பின் அடியும் அவளுக்கு. இடையிடையே வெள்ளிக்கிழமை நோன்பு, சட்டி நோன்பு! நோன்பு முடித்த மாலையில் பலகாரம். வயிறு நிறையும், இரும்பு சேராது. அவள் விளையாடத் திடல் இல்லை. தனித்து நடக்கத் தெரு இல்லை. பிறகு ‘பருத்துவிட்டாள்’ என்ற ஏச்சும் அவளுக்கே.

நோய் வந்தால் பூசாரி வருவது பழைய வழக்கம். இன்று கைப்பேசி வருகிறது. இரவில் இதைக் குடித்தால் பத்து நாளில் பத்துக் கிலோ கரையும். இந்தப் பொடி தொந்தியை உருக்கும். இந்தக் கச்சை கொழுப்பை எரிக்கும்! விபூதிப் பொட்டலத்துக்கும் இந்தப் பொடிப் பொட்டலத்துக்கும் விலையில்தான் வேற்றுமை. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியையும் சான்று காட்டுவர். கொள்ளு நல்ல பயறு. புரதமும் நார்ச்சத்தும் உடையது. சோற்றின் ஒரு பங்கு இடத்தில் அதை வைத்தால் பயனுண்டு. சோற்றுக்கு மேல் குடித்துவிட்டுக் கொழுப்பு கரைகிறது என்று காத்திருந்தால், காத்திருக்க வேண்டியதுதான். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள்; சிறுதானியத்தின் பேரில் வந்த வெல்ல உருண்டையும் நெய் அடையும் அளவின்றி உள்ளே போனால் அவையும் சதையே. அளவறிந்து உண்பதைக் குறளின் ‘மருந்து’ அதிகாரம் வற்புறுத்துகிறது. ஆனால் வள்ளுவர் காலத்துக் கடைத்தெருவில் சர்க்கரை நீர் புட்டியில் விற்கவில்லை.

தடுப்பு என்பது மந்திரமன்று. தட்டின் பாதியில் காயும் கீரையும். கால் பங்கில் பருப்பு, பயறு, முட்டை, மீன். எஞ்சிய காலில் சோறு. மத்தி மீன் நம் கரையில் மலிவாய் வருகிறது. அதைப் பொரித்தெடுப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல். நாள்தோறும் அரைமணி விரைநடை. பிள்ளைக்கு ஒரு மணி ஓட்டமும் ஆட்டமும். 300 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. வளர்ந்தவர்க்கே நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஆனால் தனிமனிதனுக்குப் பாடம் சொல்வதோடு நின்றால் ‘வாயைக் கட்டு’ என்ற பழைய ஏச்சுக்கே திரும்பிவிடுவோம். அரசும் தட்டை மாற்ற முடியும். 1730களில் லபூர்தொனே என்னும் பிரெஞ்சு ஆளுநர் புதுவையிலிருந்து தமிழ்க் கைவினைஞரை அழைத்துச் சென்ற மொரீசியசுத் தீவில் இதைக் கண்டனர். 1987இல் அந்நாட்டு அரசு மக்கள் நலத் திட்டம் ஒன்றைத் தொடங்கிப் பங்கீட்டு எண்ணெயைப் பனையெண்ணெயிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றிற்று. ஐந்தாண்டில் மக்களின் குருதிக் கொலஸ்டிரால் தெளிவாக இறங்கியது. பருமனோ இறங்கவில்லை, ஏறிற்று! எண்ணெயின் வகையை மாற்றினால் நெஞ்சுக்கு நலம். அளவும் உழைப்பும் மாறாமல் இடுப்பு மாறாது. 2014இல் மெக்சிகோ இனிப்புப் பானத்துக்கு வரி போட்டது. 2016இல் சிலி நாடு மிகை சர்க்கரைப் பொட்டலங்களில் கருப்பு முத்திரை குத்தியது. அதே ஆண்டு கேரளம் பீட்சாவுக்கும் பர்கருக்கும் 14.5 விழுக்காடு ‘கொழுப்பு வரி’ விதித்தது. அடுத்த ஆண்டு சரக்கு சேவை வரி வந்து அதை விழுங்கிவிட்டது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. சென்ற மாதம் ஒருநாள் மாலை, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனேன். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒருவன் வேண்டும். வேப்பமரத்தடியில் இருந்தவனை அழைத்தேன். வெயிலில் வாயிலுக்கும் கடைக்குமாக நான்கு முறை ஓடினான். கணக்கும் அவனே எழுதினான்: 31 மீட்டர்.

கடைக்கார அம்மையார் கணவனை இழந்தவர். இரண்டு பிள்ளைகளை அந்தக் கடையால் படிக்க வைக்கிறார். நாடாவை ஏன் பிடிக்கிறோம் என்று கேட்டார். சொன்னோம். மாலையில் தொங்கும் பொட்டலங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இன்னும் பத்தொன்பது மீட்டர் தள்ளி வைத்தால் அது நல்ல பண்டம் ஆகிவிடுமா சார்?” என்றார். மறுவாரம் ஒரு குண்டானில் வேர்க்கடலை அவித்து வைத்திருந்தார். ஐந்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம். ஐந்து மணிக்குள் தீர்ந்துவிட்டது. மேலே தொங்கிய பொட்டலங்களும் தீர்ந்திருந்தன.